பாதி ஹதீஸ் ஓதுவோர்க்கு

சென்ற ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்தார். ஸலாம் கூறினார், நலம் விசாரித்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹஜ்ரத், உங்க வீட்டு விஷயம். நான் சொல்லக்கூடாது. ஆனா சொல்லாம இருக்க மனசு கேக்கல" என்று தொடங்கினார்.

அவர் மனம் கேளாத விஷயம் இதுதான். என் மகள் இரண்டாம் பிள்ளையை வயிற்றில் சுமந்து ஆறாம் மாதத்தில் இருக்கிறாள். மூத்தவனுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. அதற்கு முந்தின ஞாயிறன்று என் மருமகன், மனைவியையும் மகனையும் என் வீட்டாரையும் ஓர் ஆட்டோவில் அமர்த்திச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். கோட்டையின் அடிவாரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, வாயில் அடைக்கும் நேரத்தில் வெளியே வந்து, கடைத்தெருவில் பிள்ளைக்கு ஏதோ வாங்கிக் கொடுத்து, மஃரிப் பாங்கு சொல்லும் வேளையில் நால்வரும் தெருவோடு நடந்து வந்திருக்கிறார்கள். பெரியவர் கண்டது அந்தக் கடைசிக் காட்சியை. "வயித்துப் புள்ளக்காரிய விளக்கு வைக்கிற நேரத்துல தெருவுல நடத்திக் கூட்டியாறாரு. கையில பச்சப்புள்ள வேற. அந்த நேரத்துல புள்ளைங்கள வெளிய விடாதீங்கன்னு ஹதீஸ் இருக்கா இல்லியா? பொம்பளைங்க வீட்டுல தங்கியிருக்கணும்னு குர்ஆன்லயே இருக்கா இல்லியா? நீங்க ஓதிக் கொடுக்குறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அன்று பேசவில்லை. பள்ளிவாசல் படியில் வைத்து வயதில் மூத்தவரோடு தர்க்கம் செய்வது அழகன்று. ஆனால் அவர் சொன்ன ஆதாரங்கள் அவர் ஒருவருடையவை அல்ல. நம் ஊர்தோறும், வீடுதோறும், கருவுற்ற பெண்ணை அடுப்படிக்கும் கட்டிலுக்கும் இடையே பூட்டி வைப்பதற்கு இவையே ஓதப்படுகின்றன. ஓதுவோர் பாதி ஓதுகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. மீதியை நான் ஓதிவிடுகிறேன்.

முதலில் அந்தி நேரத்து ஹதீஸை எடுத்துக்கொள்வோம். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் பதிவாகியிருக்கும் உண்மையான ஹதீஸ் இது. இருள் கவியும்போது குழந்தைகளைத் தடுத்து வையுங்கள், அந்நேரத்தில் ஷைத்தான்கள் பரவுகின்றன என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நம்மவர் இங்கே கிதாபை மூடிவிடுகிறார்கள். ஹதீஸ் இங்கே முடியவில்லை. இரவில் சிறிது நேரம் கழிந்ததும் அவர்களை விட்டுவிடுங்கள் என்று அடுத்த சொல்லிலேயே வருகிறது. அதன் பின் கதவுகளை அல்லாஹ்வின் பெயர் கூறி அடைக்கவும், தண்ணீர்த் துருத்திகளின் வாயைக் கட்டவும், பாத்திரங்களை மூடவும், விளக்குகளை அணைக்கவும் கட்டளைகள் தொடர்கின்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதுகையில், நன்மைகளும் ஒழுக்கங்களும் பல இதில் ஒருங்கே அடங்கியிருப்பதைச் சுட்டுகிறார்கள். ஒரு குடும்பம் இரவை எப்படிப் பத்திரமாக எதிர்கொள்வது என்று கற்றுக்கொடுக்கும் கனிவான பாடம் அது. பெண்ணை ஒன்பது மாதம் வீட்டுக்குள் வைக்கும் சட்டம் அதில் எந்தச் சொல்லில் இருக்கிறது? கருவுற்றவள் என்ற சொல்லே அதில் இல்லையே!

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிறு பொழுதில் பிள்ளை தெருவில் இருந்தது உண்மை. மருமகனிடம் சொன்னேன்: பாங்கு வேளையில் வழியிலுள்ள உறவினர் வீட்டில் சற்று அமர்ந்து, நீங்கள் பள்ளிக்குச் சென்று தொழுதுவிட்டு, பிறகு அழைத்து வாருங்கள் என்று. "சரிங்க மாமா" என்றார். ஹதீஸின்படி அமல் செய்வதற்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதே மாலையில், அதே தெருவில், பெரியவருடைய பேரர்கள் நால்வர் மட்டையும் பந்துமாக ஆடிக்கொண்டிருந்தார்களே, அவர்களைப் பற்றி ஹதீஸ் ஒன்றும் சொல்லவில்லையா? பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள் என்னும் கட்டளை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பிள்ளை பெறப்போகிறவளை மட்டும் பிடித்துக்கொண்டது எப்படி?

இனித் திருமறை. வீடுகளில் தங்கியிருங்கள் என்ற வாசகம் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தில் இருக்கிறது. அது நாயகத்தின் துணைவியரை விளித்துப் பேசும் வசனத் தொடரில் வருவது. அதன் ஒழுக்கம் மற்றப் பெண்களுக்கும் உரியதே என்று மார்க்க அறிஞர் விரித்துரைத்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனம் யாருக்கு அருளப்பட்டதோ, அந்த அன்னையருள் ஒருவரான ஸவ்தா நாயகி (ரலி) அவர்கள் வெளியே சென்றபோது உமர் (ரலி) அவர்கள் கண்டு அடையாளம் கூறியதும், அன்னையார் திரும்பி வந்து நாயகத்திடம் முறையிட்டதும், உங்கள் தேவைக்காக வெளியே செல்ல உங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் விடை கிடைத்ததும் புகாரீயில் இருக்கின்றன. இதை ஓதுவோர் எத்தனை பேர்? இரு பெருநாள்களிலும் கன்னியரையும், திரைக்குள் இருப்போரையும், மாதவிடாய்க் காலத்தில் தொழுகை இல்லாதவர்களையும்கூடத் திடலுக்கு அழைத்து வரும்படி கட்டளையிடப்பட்டதாக உம்மு அத்திய்யா (ரலி) அறிவிக்கிறார்களே, அதை ஓதுவோர் எத்தனை பேர்? மேலாடை இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்டதற்கும், வீட்டில் இருக்கட்டும் என்று பதில் வரவில்லை. அவளுடைய தோழி தன்னுடையதைக் கொடுத்து உடுத்தட்டும் என்றே பதில் வந்தது.

"தேவை என்றால் போகலாம், கோட்டை பார்ப்பது ஒரு தேவையா?" என்று இங்கே கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு வருமுன் கர்ப்பிணிகளின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மூத்த மகளார் அஸ்மா (ரலி) மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டபோது நிறைசூலி. இதை வேறு யாரோ எழுதி வைக்கவில்லை, அவரே கூறுகிறார். 'முதிம்மு' என்ற சொல்லை ஆள்கிறார். மாதங்கள் நிறைந்து பேற்றை எதிர்நோக்கியிருப்பவள் என்று அதற்குப் பொருள். நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலைவழி. குபாவில் வந்து இறங்கினார்; அங்கேயே பிள்ளை பிறந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அக்குழந்தையை மடியில் கிடத்தி, பேரீச்சம்பழத்தை மென்று அதன் வாயிலிட்டு, பரக்கத்துக்காகத் துஆச் செய்தார்கள். அந்தக் குழந்தையே அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதற் குழந்தை. 'இந்த நிலையிலா புறப்பட்டு வந்தாய்?' என்று அந்தத் தாயை யாரும் கடிந்ததாக நான் ஓதிய கிதாபு எதிலும் இல்லை.

மற்றோர் அஸ்மா, உமைஸுடைய மகளார். ஹிஜ்ரீ 10ஆம் ஆண்டு நாயகம் (ஸல்) அவர்கள் நிறைவேற்றிய ஹஜ்ஜுக்கு, பிள்ளை பெறும் தறுவாயில் அவரும் புறப்பட்டார். மதீனாவை விட்டுச் சில கல் தொலைவில், துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டும் இடத்திலேயே முஹம்மது இப்னு அபூபக்ர் பிறந்துவிட்டார். என்ன செய்வது என்று நாயகத்திடம் கேட்டு அனுப்பினார். குளித்துத் துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் அணிந்துகொள் என்று பதில் வந்தது. திரும்பிப் போ என்று வரவில்லை. இந்த ஹதீஸை மாதவிடாய்ச் சட்டத்துக்கும் இஹ்ராமின் சட்டத்துக்கும் நாங்கள் ஆண்டுதோறும் தர்ஸில் நடத்துகிறோம். ஒரு பெண் நிறைமாதத்தில் மக்காவுக்குப் பயணம் புறப்பட்டாள், அவளைத் தடுப்பார் இல்லை என்ற செய்தியை அதிலிருந்து எடுத்துச் சொல்ல எனக்கே இத்தனை ஆண்டுகள் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மர்யம் (அலை) அவர்களின் செய்தி எல்லாரும் அறிந்தது. வேதனை மிகுந்து பேரீச்ச மரத்தடியில் சாய்ந்தவருக்குக் கீழே நீரோடை காட்டப்பட்டது. மரத்தை உலுக்கச் சொல்லப்பட்டது. உண்ணவும் பருகவும் கண் குளிரவும் சொல்லப்பட்டது. உணவும் நீரும் நாமும் கொடுக்கிறோம். கண் குளிர்வதற்கு என்ன கொடுக்கிறோம்? ஜன்னலில்லாத அடுப்படியின் கரிச்சுவரைத்தானே?

இனி அவர்கள் மருத்துவத்தின் பெயரால் கூறுவதைப் பார்ப்போம். நடந்தால் கரு நழுவும், வெளிக்காற்றுப் பட்டால் தாய்க்கு ஆகாது, மூத்த பிள்ளையை இடுப்பில் எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு மூச்சு முட்டும், வயிற்றில் ஒன்றிருக்கும்போது கொடுக்கும் பால் மூத்ததற்கு நஞ்சு. இந்தக் கடைசி எண்ணம் நம் பாட்டிமார் கண்டுபிடித்ததன்று, அரபியரிடமும் இருந்தது. பாலூட்டும் காலத்தில் தாம்பத்தியம் கொள்வதும் அதனால் அவள் கருவுறுவதும் பால்குடிப் பிள்ளைக்குக் கேடு என்று அவர்கள் நம்பினார்கள். அதை 'கீலா' என்பர். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடை செய்துவிடலாமா என்றுகூட எண்ணினார்களாம். பிறகு ரோமரும் பாரசீகரும் அவ்வாறு செய்தும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தீங்கு நேரவில்லை என்பதைக் கருதித் தடை செய்யாமல் விட்டார்களாம். ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. வாசகர் இதைச் சற்று நின்று எண்ண வேண்டும். முஸ்லிமல்லாத இரு சமூகங்களின் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்ற அனுபவ உண்மையைக் கொண்டு, தம் சமூகத்தின் பழைய அச்சம் ஒன்றை நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கி வைத்தார்கள். பெண்ணின் உடலைப் பற்றிய செய்தியில் கண்டறிந்தவர் சொல்லைக் கேட்பது ஸுன்னத்துக்கு ஒத்த வழியென்று இதைவிடத் தெளிவாக எப்படிக் கூறுவது?

கண்டறிந்தவர் என்ன கூறுகிறார்கள்? தடையேதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புக் கொள்வது நல்லது என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நடப்பது அதில் முதன்மையானது. உதிரப்போக்கு, மிகுந்த இரத்த அழுத்தம், நச்சுக்கொடி கீழிறங்கியிருத்தல் போன்றவை இருந்து மருத்துவர் ஓய்வு கொள்ளச் சொன்னால், அவள் படுத்திருக்க வேண்டியவளே. அங்கே கோட்டையும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. என் மகளைப் பார்க்கும் மருத்துவ அம்மையார், நட, ஆனால் களைப்பு வந்தால் உட்கார், உயரம் ஏறாதே என்று சொல்லியிருந்தார். அதனால்தான் அவர்கள் இராஜகிரியின் பக்கம் போகவில்லை. எண்ணூறு அடிக்குக் குறையாத உயரம், செங்குத்தான படிகள், வயிற்றில் பிள்ளை உள்ளவள் ஏறத்தக்கதன்று. சமதளத்தில் கலியாண மகாலும், களஞ்சியமும், குளமும், புல்வெளியும் இருக்கின்றன. ஒரு மாலைக்கு அது போதும். போவோர்க்கு ஒரு சொல்: தின்பண்டப் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், அங்குள்ள குரங்குகள் பிள்ளையின் கையிலிருந்தே பறிக்கும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். இருசக்கர வண்டியில், முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் நிறைவயிறுமாகக் குழியிலும் மேட்டிலும் விரட்டிக்கொண்டு போகாதீர்கள். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை விரைந்து ஓட்டிய அன்ஜஷாவிடம், கண்ணாடிப் பாத்திரங்களை மெல்லக் கொண்டு போ என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது நம்முடைய மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

கிரகண நாளில் கர்ப்பிணியை இருட்டறையில் வைப்பது, புளியமரத்தடியைக் கடக்க விடாதது, இடுப்பில் இரும்புத் துண்டைச் செருகுவது இவற்றைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத மனமில்லை. நாயகத்தின் அருமை மகனார் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த அந்தத் தந்தை, எவருடைய இறப்புக்கோ பிறப்புக்கோ சூரிய சந்திரர் கிரகணம் கொள்வதில்லை என்று அறிவித்தார்கள். பிறப்புக்கும் என்பதைக் கவனியுங்கள். அதைக் கேட்ட உம்மத்து இன்றும் பெண்ணின் வயிற்றைக் கிரகணத்துக்குப் பயந்து மூடி வைக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். கோட்டை பார்ப்பது தேவையா?

பூமியில் சுற்றி வந்து முன்னவர் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என்ற கட்டளை திருமறையில் ஒருமுறையன்று, பலமுறை வருகிறது. ஆண்களே என்று அது தனித்து விளிக்கவில்லை. பார்ப்பதற்கு எங்கள் செஞ்சியைவிட வேறு இடம் எதற்கு? 1649இல் பீஜப்பூர் சுல்தானியர் கைக்கு வந்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் பிடித்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை பேர் உயிரைக் கொடுத்தும் எடுத்தும் பிடித்த மதில்களின்மேல் இன்று ஆடு மேய்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது; அவற்றுள் தமிழ்நாட்டிலுள்ளது இது ஒன்றே. எங்கெங்கிருந்தோ மக்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து பார்க்கிறார்கள். ஒன்றரைக் கல் தொலைவில் குடியிருக்கும் நம் பெண்கள் மலையைக் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்ததோடு சரி. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே நுழைவுக் கட்டணமும் இல்லை.

தேசிங்கு ராஜன் கதையை நம்மவர் பெருமையோடு கூறுவர். 1714இல் ஆற்காட்டு நவாப் ஸஆதத்துல்லா கானுடைய படையோடு பொருது தேசிங்கு மடிந்தான். அவனுடைய உயிர்த்தோழன் மஹபத் கான் நம்மவர். மணக்கோலத்தில் இருந்தவர், நண்பனின் ஓலை கண்டதும் எழுந்து களம் புகுந்து உயிர் விட்டார் என்று நாட்டுப்பாடல் கூறும். மத நல்லிணக்கக் கூட்டங்களில் நானே இதை மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த மணமகளின் கதி என்னவாயிற்று என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கூட்டத்திலும் ஒருவரும் கேட்டதில்லை. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் பெயரால் நவாப் இராணிப்பேட்டையை அமைத்தார் என்பர். தீயில் இறங்கியவளுக்கு ஓர் ஊரின் பெயர் கிடைத்தது. மணப்பந்தலில் விடப்பட்டவளுக்குப் பாட்டில் ஒரு மூலைகூட இல்லை. இது கட்டுரைக்குப் புறம்பானது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கணவன் மனைவியோடு தெருவில் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது பெரியவருடைய உள்ளக் கிடக்கை. ஆதாரங்கள் அதற்கு மேற்போர்வை. ரமளானின் கடைசிப் பத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது ஸஃபிய்யா நாயகி (ரலி) பார்க்க வந்து பேசிவிட்டுப் புறப்பட்டார்கள். அவரைக் கொண்டுவிட நாயகமும் உடன் எழுந்தார்கள். நேரம் இரவு. எதிரே வந்த அன்ஸாரிகள் இருவர் விரைந்து விலகினார்கள். நில்லுங்கள், இவர் ஸஃபிய்யா என்று நாயகமே சொன்னார்கள். ஊர் என்ன நினைக்கும் என்று தோன்றியபோது ஸஃபிய்யாவைத் தனியே அனுப்பவில்லை. யாரென்று சொல்லி உடன் நடந்தார்கள். அதே ஸஃபிய்யா நாயகி ஒட்டகத்தில் ஏறுவதற்குத் தம் முழங்காலையே படியாக வைத்தார்கள். என் மருமகன் ஆட்டோவில் ஏறத் தன் மனைவிக்குக் கைகொடுத்ததைக் கடையில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்களாம்.

பிள்ளையைத் தோளில் சுமந்ததற்கும் சிரித்தார்களாம். பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுகை நடத்திய நபியின் உம்மத்து! எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமை பேசிய அக்ரஃ இப்னு ஹாபிஸுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைச் சிரித்தவர்கள் தங்கள் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அபிஸீனியர் ஈட்டி விளையாடியதை ஆயிஷா நாயகி (ரலி) நாயகத்தின் தோளுக்கு மேலாகப் பார்த்திருந்தார்கள். அவர்களாகச் சலிக்கும்வரை நாயகம் நின்றார்கள். இதை அறிவித்துவிட்டு அன்னையார், விளையாட்டில் ஆசையுள்ள இளம்பெண்ணின் அளவைக் கணித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் கூறுகிறார்கள். என் மகளுக்கு இருபத்துநான்கு வயது. காலையில் எழுந்தால் பிள்ளையின் அழுகை, நடுவே மசக்கையின் மீதம், மாலையில் கால் வீக்கம். சுமப்பதையே நலிவின்மேல் நலிவு என்று திருமறை சொல்கிறது. கணவர் விழுப்புரத்தில் வேலை பார்த்து இரவில் திரும்புகிறார். வாரத்தில் ஒருநாள்தான் பகலில் வீட்டில் இருக்கிறார். அந்த ஒருநாளை இஷா வரை தேநீர்க் கடைப் பலகையில் கழித்திருந்தால் பெரியவர் என் தோளைத் தொட்டிருக்கமாட்டார்! அங்கே நாள்தோறும் அமர்ந்து ஊரார் வீட்டு இறைச்சியைத் தின்னும் புறம்பேச்சுக்கு எந்த ஹதீஸும் நினைவுக்கு வருவதில்லை.

மூத்தவனைப் பற்றியும் ஒரு சொல். பால் மறந்து சில வாரங்களே ஆகின்றன. தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று எல்லாரும் அவனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் தாயின் முந்தானையை விடுவதில்லை. இன்னும் மூன்று மாதத்தில் அவள் மடி வேறொன்றுக்குப் போய்விடும். தாய் தகப்பன் இருவரையும் தனக்கே என்று முழுதாக வைத்துக்கொண்டு அவன் ஓட இருக்கும் நாள்கள் சிலவே. கலியாண மகாலின் சுற்றறைகளில் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவந்து, "அத்தா காணோம், அத்தா காணோம்" என்று அவன் கத்திக்கொண்டு ஓடினானாம். வீட்டில் வந்து என்னிடமும் அதையே தூணைச் சுற்றிக் காட்டினான்.

நான் அங்கே இல்லை. ஞாயிறு மாலைகளில் தெருப் பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன். அதைச் சாக்காகச் சொல்லி இருந்துவிட்டேன். ஆனால் என் கணக்கு அதைவிடப் பழையது. அதைச் சொல்லாமல் பெரியவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி எங்கள் இளையவனை வயிற்றில் சுமந்திருந்தபோது, மகளுக்கு இரண்டு வயது. ஒரு மாலை, "கோட்டைக்கு ஒருநா கூட்டிட்டுப் போங்களேன், இந்த ஊருக்கு வந்து இத்தன வருஷம் ஆச்சு" என்று கேட்டாள். நான் அப்போது ஸனது வாங்கிச் சில ஆண்டுகளே ஆன இளம் உஸ்தாது. நாக்கின் நுனியில் எல்லாம் இருந்தது. அந்த 33ஆம் வசனத்தை அரபியிலேயே ஓதினேன். பொருள் சொல்லவும் இல்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதன் பின் என்றும் கேட்கவில்லை. அதை அவளுடைய ஒழுக்கம் என்று நான் நெடுங்காலம் மெச்சி வந்தேன்.

சென்ற ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அவளை அழைத்துச் சென்றது மருமகன், நானல்லன். முழங்கால் வலியால் அவளால் அதிகம் நடக்க முடியவில்லை. மகாலின் படியில் மகளோடு அமர்ந்து, பேரன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த மகாலில் அரச குடும்பத்துப் பெண்கள் தங்கியிருந்தனர் என்பர். அடுக்கடுக்காகக் குறுகி மேலே போகும் அந்தக் கட்டடத்தில் காற்றுக்குக் குறைவில்லை. இரவு எனக்குச் சோறு வைக்கும்போது என் முகத்தைப் பாராமலே கேட்டாள்: "இவ்வளவு கிட்டயா இருந்துச்சு?"

பதில் சொல்ல எனக்கு ஓர் ஆயத்தும் நினைவுக்கு வரவில்லை.

வரும் ஞாயிறு மாலைப் பாடத்தைக் காலை எட்டு மணிக்கு மாற்றிவிட்டதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மகளை அதற்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும். அவர் சரியென்றால் அவளும் வருவாள், இல்லையென்றால் அவள் வீட்டில் படுத்திருக்க, பேரனை நாங்கள் இருவரும் கொண்டுபோவோம். மூன்றரைக்குப் புறப்பாடு. பெரியவர் இதை வாசிப்பார் என்று தெரியும். இந்த இதழ் அவர் வீட்டுக்கும் வருகிறது. அவருடைய மருமகளுக்கும் இது ஐந்தாம் மாதம் என்று என் மனைவி சொல்கிறாள். இரண்டு ஆட்டோ சொல்லி வைக்கட்டுமா என்று அவர் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவித்தால் போதும்.